மெடிகேரில் விறைப்புக் குறைபாட்டு மாத்திரை: எந்த வழி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது

அமெரிக்காவில் 65 வயதாகி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு மாறும் ஆண்கள் பலருக்கு மருந்துக் கடையில் ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. வேலையில் இருந்தவரை கம்பெனிக் காப்பீடு கொடுத்துவந்த அதே சில்டெனாஃபில் (வயாக்ராவில் உள்ள மருந்து) மாத்திரையை, "இது உங்கள் திட்டத்தில் வராது" என்று திருப்பி விடுகிறார்கள். டாக்டர் எழுதியதில் பிழை இருக்காது, திட்டத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததும் காரணமாக இருக்காது. சட்டமே அப்படித்தான். மெடிகேரின் மருந்துக் காப்பீட்டுப் பகுதியான பார்ட் டி தொடங்கிய 2006ஆம் ஆண்டில் மட்டும் இந்த மாத்திரைகளுக்கு இடம் இருந்தது. 2005 அக்டோபரில் வந்த சட்டம், விறைப்புக் குறைபாட்டுக்காக எழுதப்படும் மருந்துகளை 2007 ஜனவரி 1 முதல் பார்ட் டி-யிலிருந்து விலக்கிவிட்டது. குறைந்த வருமானத்தினருக்கான மெடிக்கெய்டு காப்பீட்டில் இந்த மருந்துகளுக்கான மத்திய அரசுப் பணம் அதற்கு ஓராண்டு முன்பே நின்றது.

விலக்கப்பட்டிருப்பது மருந்து அல்ல, அது எழுதப்படும் காரணம். அதே மருந்தை, எஃப்டிஏ-வின் (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் பெற்ற வேறொரு நோய்க்கு எழுதினால் பார்ட் டி தரலாம். கீழே வரும் வேறுபாடுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

சாதாரண பார்ட் டி, கூடுதல் சலுகையுள்ள பார்ட் டி

சாதாரணத் திட்டத்தில் சில்டெனாஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில் எதுவும் விறைப்புக் குறைபாட்டுக்குக் கிடைக்காது. வீட்டில் போட்டுக்கொள்ளும் அல்ப்ராஸ்டடில் ஊசிக்கும் இதே நிலை. பட்டியலில் இல்லாத மருந்துக்கு டாக்டர் மூலம் விதிவிலக்கு கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் சட்டம் விலக்கிய மருந்துக்கு அந்த வழி செல்லாது. கடிதம் எழுதி வாரக்கணக்கில் காத்திருப்பது வீண்.

சில கூடுதல் சலுகைத் திட்டங்களும், தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களும் சில்டெனாஃபிலைத் தங்கள் செலவில் சேர்த்துக்கொள்கின்றன. இதை வழக்கமான மருந்துப் பட்டியலின் நடுவில் தேடக் கூடாது. கடைசிப் பக்கங்களிலோ காப்பீட்டு விளக்கக் கையேட்டிலோ "விலக்கப்பட்ட மருந்துகளுக்கான கூடுதல் சலுகை" என்ற தனித் தலைப்பின்கீழ் இருக்கும். மாதத்துக்கு எத்தனை மாத்திரை என்ற உச்சவரம்பையும் அங்கேயே பாருங்கள். இதில் இரண்டு குறைகள் உண்டு. இப்படிக் கடையில் நீங்கள் கொடுக்கும் பங்கு (கோபே), பார்ட் டி மருந்துகளுக்கு உங்கள் கையிலிருந்து போகும் செலவுக்கான ஆண்டு உச்சவரம்புக் கணக்கில் (2026இல் 2,100 டாலர்) சேராது. குறைந்த வருமானத்தினருக்கான எக்ஸ்ட்ரா ஹெல்ப் உதவியும் இதற்குப் பொருந்தாது.

இந்த ஒரு மாத்திரைக்காக அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான மாற்றக் காலத்தில் திட்டத்தை மாற்றுவது, எங்கள் பார்வையில், சரியான முடிவு அல்ல. இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தக் கட்டி தடுக்கும் மருந்துகள் எந்தத் திட்டத்தில் மலிவு என்பதே ஆண்டுச் செலவைத் தீர்மானிக்கும்.

டடலாஃபில் 5 மில்லிகிராம்: உண்மையாகத் திறந்திருக்கும் வழி

புராஸ்டேட் வீக்கத்துக்கு, சில்டெனாஃபில் வகையைச் சேர்ந்த டடலாஃபிலைத் தினமும் ஒரு 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்க எஃப்டிஏ 2011இல் ஒப்புதல் அளித்தது. இந்தத் தொல்லையும் விறைப்புக் குறைபாடும் வயதான ஆண்களிடம் அடிக்கடி சேர்ந்தே வரும். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறீர்கள், தாரை மெலிந்திருக்கிறது, முழுதாக வெளியேறிய உணர்வு இல்லை என்றால், அதையெல்லாம் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பலர் விறைப்பு பற்றி மட்டும் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, சிறுநீர்த் தொல்லையை வயதின் கணக்கில் எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். சீட்டில் விறைப்புக் குறைபாட்டின் குறியீடான என்52.9 மட்டும் இருந்தால் மறுப்பு நிச்சயம். சிறுநீர்த் தொல்லையுடன் கூடிய புராஸ்டேட் வீக்கத்துக்கான என்40.1 இருந்தால்தான் விண்ணப்பத்துக்கே உயிர் வரும்.

அதன் பிறகும் பெரும்பாலான திட்டங்கள் முன் அனுமதி கேட்கும். சாதாரணமாக 72 மணி நேரத்தில் பதில் தர வேண்டும், அவசரம் என்று டாக்டர் சொன்னால் 24 மணி நேரத்தில். மறுப்பு வருவதற்குப் பெரும்பாலும் இவையே காரணம்:

- சீட்டில் 10 அல்லது 20 மில்லிகிராம் எழுதியிருப்பது. புராஸ்டேட் வீக்கத்துக்கான அளவு தினம் 5 மில்லிகிராம்தான்.
- டாம்சுலோசின், ஃபினாஸ்டரைடு போன்ற புராஸ்டேட் மருந்துகளை முதலில் முயன்றதற்கான பதிவு இல்லாதது.
- சிறுநீர் அறிகுறிகள் டாக்டரின் குறிப்பில் எழுதப்படாமல், வாய்ப்பேச்சோடு நின்றுபோவது.

டாம்சுலோசின் போன்ற மருந்தை ஏற்கெனவே எடுப்பவர்கள் இதை டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். புராஸ்டேட் வீக்கத்துக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதை டடலாஃபிலின் மருந்துக் குறிப்பே பரிந்துரைக்கவில்லை. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 2.5 மில்லிகிராமில் தொடங்குவார்கள்.

இல்லாத நோயைக் குறியீட்டில் எழுதச் சொல்லி டாக்டரை வற்புறுத்தாதீர்கள். நுரையீரல் தமனி உயர் அழுத்தத்துக்குத் தரப்படும் சில்டெனாஃபில் 20 மில்லிகிராமை இப்படிப் பெற நினைப்பவர்கள் உண்டு. அது காப்பீட்டு மோசடி. உங்கள் மருத்துவப் பதிவில் ஒரு கொடிய நோயின் பெயரும் நிலைத்துவிடும்.

கைப்பணம்: பெரும்பாலோருக்கு இதுவே மலிவு

அமெரிக்கச் சந்தையில் சில்டெனாஃபிலின் ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத மலிவு வடிவம்) 2017 டிசம்பரிலும், டடலாஃபிலின் ஜெனரிக் 2018 செப்டம்பரிலும் வந்தன. அதன் பிறகு கணக்கே மாறிவிட்டது. தள்ளுபடி அட்டையோடு வாங்கினால் ஒரு மாத்திரை ஒரு டாலருக்கும் கீழே கிடைப்பது சாதாரணம். அதே தெருவில் இன்னொரு கடையில், அட்டை இல்லாமல், பல மடங்கு கேட்பார்கள். ஆகவே குறைந்தது மூன்று கடைகளில், அளவும் எண்ணிக்கையும் குறிப்பிட்டு விலை கேளுங்கள்.

விசாரிக்கும்போது 50, 100 மில்லிகிராம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். விலை பெரும்பாலும் ஒட்டியே இருக்கும். டாக்டர் சம்மதித்தால் 100ஐ வாங்கி மாத்திரை வெட்டும் கருவியால் இரண்டாக்கலாம். 65 வயதுக்கு மேல் 25 மில்லிகிராமில் தொடங்குவதை யோசிக்கும்படி சில்டெனாஃபிலின் மருந்துக் குறிப்பு சொல்கிறது, அதனால் பலருக்கு முதலில் பெரிய அளவே தேவைப்படாது. 20 மில்லிகிராம் மாத்திரையையே இரண்டு மூன்றாக எடுக்கும்படி எழுதும் டாக்டர்களும் உண்டு. கைப்பணம் கொடுக்கும்வரை காப்பீட்டுக்கு அதில் வேலை இல்லை.

தள்ளுபடி அட்டையையும் பார்ட் டி-யையும் ஒரே பில்லில் சேர்க்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மருந்துக் கம்பெனிகள் தரும் கோபே கூப்பன் மெடிகேர் பில்லுக்குச் செல்லாது. முன்பு சேர்த்த ஹெச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கு இருந்தால், சீட்டோடு வாங்கும் இந்த மாத்திரைக்கு அதிலிருந்து வரியில்லாமல் செலவழிக்கலாம். மெடிகேரில் சேர்ந்த பிறகு அதில் புதிதாகப் பணம் போடத்தான் தடை.

ஓய்வூதியர் காப்பீடு, முன்னாள் படைவீரர் மருத்துவம்

முன்னாள் கம்பெனி தரும் ஓய்வூதியர் திட்டங்களில் சில இன்னும் இந்த மாத்திரைகளைத் தருகின்றன, மாத எண்ணிக்கைக்கு வரம்போடு. அப்படிப்பட்ட திட்டத்தில் இருந்துகொண்டே தனியாக ஒரு பார்ட் டி எடுத்தால், பழைய திட்டம் உங்களுக்கும் மனைவிக்கும் சேர்த்தே ரத்தாகக்கூடும். பல கம்பெனிகள் மறுபடி சேர்ப்பதில்லை. கையெழுத்திடும் முன் அந்தத் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படைவீரர் மருத்துவத்தில் விஏ (முன்னாள் படைவீரர் துறை) டாக்டர் எழுதினால் மாத வரம்போடு கிடைக்கும். பார்ட் டி தடை அங்கே இல்லை.

மாத்திரை பலிக்காதபோது

இங்கே கணக்கு தலைகீழாகிறது. சில டாலர் மாத்திரையை மறுக்கும் மெடிகேர், மருத்துவத் தேவை நிரூபிக்கப்பட்டால் ஆணுறுப்பு இம்பிளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கைச் சாதனம்) அறுவை சிகிச்சையை ஏற்கிறது. டாக்டர், வெளிநோயாளி சிகிச்சைக்கான பார்ட் பி-யில் முதலில் நீங்களே கட்டும் தொகை (டிடக்டிபிள், 2026இல் 283 டாலர்) போக, மெடிகேர் ஏற்ற தொகையில் 20 சதவீதம் உங்கள் பங்கு. மெடிகேப் ஜி என்ற தனியார் துணைக் காப்பீடு இருந்தால் அந்த 20 சதவீதத்தை அது கட்டும். அட்வான்டேஜ் திட்டம் என்றால் முன் அனுமதியும், மாத்திரை, ஊசி பலிக்கவில்லை என்ற பதிவும் கேட்கலாம். ஒருமுறை பொருத்தினால் இயற்கையான விறைப்புக்குத் திரும்ப முடியாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கிருமித் தொற்று அபாயமும் கூடும். விறைப்பை உண்டாக்கும் வெற்றிடப் பம்புக்கு 2015 ஜூலை 1 முதல் மெடிகேர் பணம் தருவதில்லை. கைப்பணத்தில் வாங்கினால், விறைப்பைத் தக்கவைக்க அடியில் மாட்டும் வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள்.

கைப்பண வழியில் விடுபடும் ஒரு சோதனை

வழக்கமான கடையில் காப்பீட்டோடு வாங்கும்போது, மற்ற மருந்துகளோடு மோதுமா என்று அங்குள்ள கணினி பார்த்துவிடும். வேறு கடையிலோ இணையத்திலோ வாங்கினால் அந்தக் கண்காணிப்பு அறுந்துபோகிறது. நைட்ரோகிளிசரின், ஐசோசார்பைடு போன்ற நைட்ரேட் வகை நெஞ்சுவலி மருந்து எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. எனவே முழு மருந்துப் பட்டியலையும் புதிய கடையிலும் கொடுங்கள், புதிய மாத்திரையைப் பழைய கடையின் பதிவிலும் சேர்க்கச் சொல்லுங்கள். மாத்திரை போட்ட பிறகு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸ் வந்தால், எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரமும், டடலாஃபில் என்றால் 48 மணி நேரமும் நைட்ரேட்டைத் தவிர்ப்பார்கள்.