டதி ஸ்கூல், நாகர்கோவில்: பொம்பளப் பிள்ளைய சேக்க நினைக்கிறவங்களுக்கு

களியக்காவிளைப் பக்கம் இருந்து மாத்தலாகி வர்றவங்க கேக்கிறதால எழுதுறேன், தாராளமா சேக்கலாம். 1819ல இங்க மிஷனரியா இருந்த வெள்ளக்காரர் மீட் ஐயரோட மனைவி ஜோஹன்னா தொடங்கின பள்ளிக்கூடம், அப்ப நம்ம ஊரு திருவிதாங்கூர் ராஜ்ஜியம், பொம்பளப் பிள்ளைக எழுத்து படிக்கிறதே பெரிய விஷயம். அப்புறம் வந்த இன்னொரு மிஷனரியோட மனைவி மால்ட் அம்மா லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தாங்க, தலகாணி மேல குண்டூசி குத்தி, நூல் சுத்தின குச்சிய மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுற வேல, அத வித்த காசு பள்ளிக்கூடச் செலவுக்கும் உதவிச்சு. படிப்போட கையில ஒரு தொழிலும் குடுத்தாங்க பாருங்க, எனக்கு அதுதான் ரொம்பப் பெருசு! இப்ப ப்ளஸ் டூ வர இருக்கு. அட்மிஷனுக்கு மே மாசமே நேர்ல போய் டீச்சர்மார்கிட்ட பேசிருங்க, பிள்ளையவும் கூட்டிட்டுப் போங்க.