பனிமூட்டத்தில் 150-600 ஜூம்: சாமநத்தம் கண்மாய் முதல் தனுஷ்கோடி வரை

மார்கழி, தை மாதங்களில் விடியும்போது மதுரைப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாய்க் கரையில் நின்றால் எதிர்க்கரையே தெரியாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் பறவைகளைப் படமெடுக்கவே ஒரு 150-600 மி.மீ. ஜூம் லென்ஸைச் (எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்) சில வருடங்களாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் 600-ல் ஷார்ப்பாக இருக்குமா என்பதுதான்.

நல்ல வெளிச்சத்தில் இருக்கும். பனியில் படத்தைக் கெடுப்பது லென்ஸே இல்லை, பறவைக்கும் நமக்கும் நடுவே மிதக்கிற நீர்த்துளிகள். தூரத்தில் நிற்கிற நத்தைகுத்தி நாரையை 600-ல் இழுத்தால் நடுவில் இருக்கிற அத்தனை பனியையும் சேர்த்துத்தான் இழுக்கிறோம், அப்புறம் கணினியில் டீஹேஸை, அதாவது மூட்டத்தைக் குறைக்கிற வசதியை, ஏற்ற ஏற்ற படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரிகிற நாய்ஸ்தான் கூடும். அதனால் பனி நாளில் நான் 200, 300 தாண்டுவதில்லை. கரையோரம் அசையாமல் உட்கார்ந்தால் கொக்கும் நீர்க்கோழியும் தானாகவே பக்கத்தில் வரும், பின்னால் பனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப் போவதும் படத்துக்குள் வந்துவிடும். எனக்குப் பிடித்த படங்கள் எல்லாமே இப்படி எடுத்தவைதான்.

பனியில் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம்) இல்லாததால் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபோகஸ் தேடுகிற தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் பொத்தானை 10 மீட்டருக்கு மேல் என்று வைத்து, ஃபோகஸின் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் பறவையின் அலகின் விளிம்பில் வையுங்கள், பெரும்பாலும் பிடித்துவிடும். கேமரா வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். 600-ல் லென்ஸின் திறப்பு அதிகபட்சம் f/6.3 தான், வெளிச்சம் குறைவாகவே உள்ளே வரும் என்பதால் ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) எகிறும், குறைந்த ஜூமில் நிற்க அதுவும் ஒரு காரணம்.

தனுஷ்கோடி வேறு மாதிரி. கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் சாலையிலிருந்து வெகு தள்ளி நிற்கும், மூட்டம் இருந்தால் 600-லும் ஒரு வெளிர்சிவப்புக் கோடுதான். அங்கே 150-ல் வானம், நீர், அந்தக் கோடு மூன்றையும் எடுப்பதே சரி. வெயில் ஏறினால் கானல் அலை வேறு வந்துவிடும்.

மதுரையிலிருந்து ஏசி போட்டு வந்த காரில் லென்ஸைக் கையில் வைத்திருக்காதீர்கள், கதவைத் திறந்ததுமே முன்கண்ணாடி வேர்த்துவிடும். பைக்குள் மூடியே வைத்து, வெளியே கொஞ்ச நேரம் விட்டுத் திறக்க வேண்டும். உப்புக்காற்றுக்கு மழை உறை கட்டாயம். திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் லென்ஸின் உடல் முழுக்கத் துடைத்து, காய்ந்த பிறகுதான் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைக்கிறேன்.