“இன்று அரண்மனை மூடியிருக்கிறது” என்று யாராவது சொன்னால்

பாங்காக் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊரில் ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிற நானும் என் மனைவியும் அங்கே ஒரே பகலில் 18,000 பாட்டைத் தொலைத்தோம். நம் பணத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். யாரும் பிடுங்கவில்லை, மிரட்டவில்லை. நாங்களேதான் கார்டை எடுத்து நீட்டினோம்.

தங்கியிருந்தது சீலோம் சாலையில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். காலையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, சாவோ பிரயா ஆற்றில் படகேறி தா சாங் துறையில் இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்தால் தாய்லாந்து ராஜாக்களின் பழைய அரண்மனையான கிராண்ட் பேலஸின் வெள்ளை மதில். அதை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் “இந்தியாவா?” என்று சிரித்தார். இன்று பிக்குகளின் பூஜையாம், ஒரு மணிக்குத்தான் திறப்பார்களாம். அதுவரை சும்மா நிற்பானேன் என்று எங்கள் வரைபடத்தை வாங்கி மூன்று இடங்களைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தார். ஒரு காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுதாரித்திருப்போம்.

அப்போது பார்த்து ஒரு துக்துக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, வந்து நின்றது. மூன்று இடத்துக்கும் சேர்த்து 40 பாட். அந்த நெரிசலில் பாதி நாள் சுற்றுவதற்கு 40 பாட் என்றால் பெட்ரோலுக்கே காணாது. இந்தக் கணக்கு இப்போது வருகிறது, அப்போது வரவில்லை.

முதல் இடம் வாட் இந்தரவிஹான். 32 மீட்டர் உயரத்தில் பொன்னாக மின்னும் நின்ற புத்தர். குறை சொல்ல ஒன்றுமில்லை, தனியாகவே போய்ப் பார்க்கலாம். அங்கே நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். சியாங் மாயில் வக்கீல் என்றார். மகள் கல்யாணத்துக்கு நீலக்கல் வாங்க வந்தாராம், வரியில்லாமல் விற்பதற்கு இன்றுதான் கடைசி நாளாம், வெளிநாட்டில் இரண்டு மடங்குக்குப் போகுமாம். எங்களை வாங்கச் சொல்லவே இல்லை. அரண்மனைக்காரர், ஓட்டுநர், வக்கீல் மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்றே நினைத்தோம். அறியாத மூன்று பேர் ஒரே பக்கம் கைகாட்டினால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

மூன்றாவது வட்டம் கடை. குளுகுளு ஏசி, கையில் ஜூஸ். சந்தபுரியிலிருந்து வந்த கல் என்றார்கள். தாய்லாந்தில் கல் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர்தான் அது. பொய்யோடு மெய்யைக் கலந்து கொடுத்தார்கள். ஒரு ஜோடி நீலக்கல், சான்றிதழ், ரசீது. வெளியே வந்ததும் ஓட்டுநர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. ஆள் கூட்டி வந்தால் பெட்ரோல் கூப்பன் தருவார்கள் என்று அவரே பிறகு சொன்னார்.

அரண்மனைக்குத் திரும்பியபோது மணி நாலு. டிக்கெட் 3:30-க்கே முடிந்துவிட்டது. காலையில் ஏன் மூடியிருந்தது என்று வாசல் காவலரிடம் கேட்டோம். 8:30-லிருந்து திறந்துதான் இருந்தது என்றார். எங்களை நிறுத்திய இடத்திலிருந்து அந்த வாசல் நடக்கிற தூரம்தான்!

மறுநாள் கடையில், வேண்டுமானால் வேறு கல் மாற்றித் தருகிறோம், பணம் கிடையாது என்றார்கள். 1155-இல் சுற்றுலா போலீஸைக் கூப்பிட்டோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் கல் நிஜம், விலை ரசீதில் இருக்கிறது, விரும்பி வாங்கியிருக்கிறீர்கள் என்றால் என்ன செய்வது? மதுரைக்கு வந்து தெற்காவணி மூல வீதியில் தெரிந்தவரிடம் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தார். “நீலம்தான் சார், ஆனா மட்டமான நீலம். மூவாயிரம் பெறும்” என்றார்.

போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ராஜ வைபவங்களுக்காக அரண்மனையைச் சில நேரம் மூடுவதும் உண்டு என்பதால், யார் என்ன சொன்னாலும் டிக்கெட் கவுண்டர் வரை நடந்து போய் உங்கள் கண்ணால் பாருங்கள். டிக்கெட் 500 பாட். கால்சட்டை முழங்காலை மூடியிருக்க வேண்டும். உங்கள் உடை சரியில்லை என்று சொல்லி வேறு பக்கம் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கடையில் “இன்றைக்கே பார்சலில் ஊருக்கு அனுப்பிவிடுகிறோம்” என்றால் சம்மதிக்காதீர்கள். கல் கையை விட்டுப் போனால் திருப்பிக் கொடுக்கக்கூட வழியில்லை.

அரண்மனை வளாகத்துக் கோயிலில் இருக்கும் மரகத புத்தரைக் கிளம்புகிற நாள் காலையில்தான் பார்த்தோம். பெயர்தான் மரகதம், கல் மரகதம் இல்லையாம். “இவருமா!” என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கும் மதிலோரம் அதே வெள்ளைச் சட்டைக்காரர் நின்றார். எங்களை அடையாளம் தெரியவில்லை. “இந்தியாவா? இன்று ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்” என்று பேனாவை எடுத்தார்.