கீழாநெல்லியை அடையாளம் காணச் செயலியா, திறவுகோலா?

வழியில் கண்ட செடியின் பெயரை அறிய இன்று இரண்டு வழிகள் உள்ளன. கைப்பேசியில் படமெடுத்துச் செயலியிடம் கேட்கலாம். அல்லது தாவர நூலின் திறவுகோலை, அதாவது அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பெயருக்கு இட்டுச்செல்லும் படிவரிசையை, பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கலாம். முதலாவது விரைவானது, செலவும் இல்லை. இரண்டாவதற்குப் பத்து மடங்கு பெருக்கும் கை லென்சும் பொறுமையும் வேண்டும். இவை எவரும் அறிந்தவை. இரண்டையும் பயன்படுத்திய பின் நான் திறவுகோலின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு. அதைக் கீழாநெல்லியைக் கொண்டே சொல்லிவிடலாம்.

மழைக்குப் பின் வரப்பில் முளைத்திருந்த அச்செடியை மேலிருந்து படமெடுத்தபோது செயலி ஒரு பெயரையும், பக்கவாட்டில் எடுத்தபோது வேறொரு பெயரையும் சொன்னது. இரண்டும் கீழாநெல்லி அடங்கும் ஃபில்லாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தவையே. அதுவரை குறை சொல்வதற்கில்லை. ஆனால் சிற்றினங்களைப் பிரிக்கும் அடையாளங்கள் இலைகளுக்கு அடியில், கடுகைவிடப் பெரிதல்லாத பூக்களில் இருக்கின்றன. நெல்லி போன்ற காய்கள் கீழே தொங்குவதைப் பெயரிலேயே சொல்லிவைத்தவர்கள், எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

திறவுகோல் ஒவ்வொரு படியிலும் எதிரெதிரான இரண்டு கூற்றுகளை முன்வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கீழாநெல்லி எனப் பொதுவாக வழங்கும் ஃபில்லாந்தஸ் அமாரஸுக்குப் பூவிதழ்கள் ஐந்து. அதையொத்த ஃபில்லாந்தஸ் ஃப்ராடெர்னஸுக்கும் ஃபில்லாந்தஸ் யூரினேரியாவுக்கும் ஆறு. யூரினேரியாவின் காய் சொரசொரப்பானது. மற்ற இரண்டின் காயும் வழவழப்பானது. முதல் முறை நான் இதழ்களைத் தவறாக ஆறு என எண்ணி, ஃப்ராடெர்னஸில் போய் நின்றேன். அங்கிருந்த விவரிப்போ ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி இலைக்கோணங்களில், அதாவது இலை தண்டோடு சேரும் இடங்களில், இருக்கும் என்றது; என் கையிலிருந்த கிளையில் பெரும்பாலான கோணங்களில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. ஆகவே வந்த வழியே திரும்பி, இதழ்களை மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.

எனக்குத் தீர்மானமாக அமைந்தது இந்தத் திரும்பி நடக்கும் வசதியே. செயலியும் தவறும், நானும் தவறுவேன். ஆனால் என் தவறு எந்தப் படியில் நேர்ந்தது என்று திறவுகோல் காட்டிக்கொடுக்கிறது, செயலியோ ஒரு பெயரையும் அதன் அருகே அது எவ்வளவு உறுதி என்னும் விழுக்காட்டையும் தருவதோடு நின்றுவிடுகிறது. மருந்துக்காகப் பறிக்கும் செடியில் இவ்வேறுபாடு சிறியதன்று. பழைய இந்திய நூல்கள் பல அமாரஸையும் ஃப்ராடெர்னஸையும் அமெரிக்கச் சிற்றினமான ஃபில்லாந்தஸ் நிரூரியின் பெயரில் ஒன்றாகச் சேர்த்திருந்ததால், அந்தக் குழப்பம் மருந்து நூல்களிலும் ஏறிவிட்டது.

நூலின் குறை, பெயர்கள் பழையனவாகிவிடுவது. 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலில் கருவேலம் அகேசியா அராபிகா. பின்னர் அகேசியா நிலோடிகா ஆனது. 2005ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு அகேசியா என்னும் பெயரை ஆஸ்திரேலியச் சிற்றினங்களுக்கு உரியதாக்கிய பின், இப்போது வாச்செல்லியா நிலோடிகா. கீழாநெல்லியும் ஆமணக்குக் குடும்பத்திலிருந்து பிரிந்து ஃபில்லாந்தேசி என்னும் தனிக் குடும்பத்தில் இருக்கிறது. இம்மாற்றங்களைச் செயலி தானாகவே ஏற்றுக்கொள்கிறது. நான் நூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். பெயர் மாறினாலும் கருவேலத்தின் காய் மணிமணியாக இடுங்கியிருப்பது மாறவில்லை என்பதால், பழைய திறவுகோலும் சரியான மரத்தின் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது.

பூவோ காயோ இல்லாத மரத்தில் திறவுகோல் பெரும்பாலும் பாதியில் கைவிட்டுவிடும். அப்போது இலையையும் பட்டையையும் படமெடுத்துச் செயலியிடம் பேரினத்தைக் கேட்டுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. புல், கோரை வகைகளில் என் பயிற்சி மிகக் குறைவு. அவற்றுக்கு எது மேல் என்று சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.