எஸ்எம்பிஎஸ்க்கு அஞ்சு ஸ்டார், ரேமுக்கு ஒரு ஸ்டார்: பார்ட்ஸ் வாங்குன ஆன்லைன் கடை பத்தி என் ரிவ்யூ

புது கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றதுக்கு எல்லா பார்ட்ஸும் ஒரே ஆன்லைன் கடையில வாங்குனேன். அதுல ரெண்டு பார்ட் கம்ப்ளெயின்ட். எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லா பார்ட்டுக்கும் கரன்ட் குடுக்குற பவர் சப்ளை, வந்த அன்னிக்கே செத்துக் கிடந்துச்சு, ரேம் மூணு வாரம் ஒழுங்கா ஓடிட்டு அப்புறம் வேலையக் காட்ட ஆரம்பிச்சுது. எஸ்எம்பிஎஸ் விஷயத்துல இந்தக் கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பேன், ரேம் விஷயத்துல ஒண்ணுக்கு மேல குடுக்க மனசு வரல, ஒரே கடை, ஒரே சப்போர்ட் டீம், ஆனா ரெண்டு விதமான அனுபவம், அது ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்குப் புரிஞ்சத தான் இங்க எழுதுறேன். கடை பேரு, ரேம் கம்பெனி பேரு ரெண்டையும் வேணும்னே விட்டுட்டேன்.

வாங்குனது இதெல்லாம்: ரைசன் 7 7700 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ரெண்டு சேர்ந்த டிடிஆர்5 6000 கிட், 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ், 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு கேபினெட். கிராபிக்ஸ் கார்டு பழைய சிஸ்டத்துல இருந்து கழட்டுனது. போட்டோ, வீடியோ எடிட்டிங் தான் என் வேலை.

பேக்கிங்கப் பத்தி குறையே சொல்ல முடியாது, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனியா பபுள் ராப், சீல் எதுவும் பிரியல. போர்டு பெட்டியத் திறந்த உடனே ஒரு வேலை பண்ணேன், யார் பில்ட் பண்ணாலும் இதப் பண்ணுங்க. தம்பிய டார்ச் பிடிக்கச் சொல்லி சிபியு சாக்கெட்ட நாலு பக்கமும் சாய்வா போட்டோ எடுத்து வெச்சேன். ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் வரைக்கும் பின்னு ப்ராசஸர்ல இருந்துச்சு, 2022ல வந்த ஏஎம்5ல 1718 பின்னும் போர்டு பக்கம் வந்துடுச்சு, முடி மாதிரி சன்னமா இருக்கும், ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் வெளிச்சம் படும்போது அந்த ஒரு இடம் மட்டும் வேற மாதிரி மின்னும். பின்னாடி ஒரு நாள் போர்ட திருப்பி அனுப்ப வேண்டி வந்தா முதல்ல சாக்கெட்ட தான் பார்ப்பாங்க, வளைஞ்ச பின் இருந்தா நீங்க தான் வளைச்சீங்கன்னு சொல்லி வாரன்டி இல்லைனு கை விரிச்சுடுவாங்க. என்னோடது நல்லா தான் இருந்துச்சு.

எல்லாம் மாட்டி முடிச்சு பட்டனை அழுத்துனா ஒண்ணுமே இல்ல. லைட் இல்ல, ஃபேன் அசையல. முதல்ல கேபினெட் பட்டன் ஒயர் தான் சரியில்லையோன்னு அதக் கழட்டிட்டு போர்டுல இருக்குற பவர் ஸ்விட்ச் பின் ரெண்டையும் ஸ்க்ரூட்ரைவர் முனையால தொட்டுப் பார்த்தேன், அப்பவும் அப்படியே. அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸ தனியா வெளிய எடுத்து 24 பின் கனெக்டர்ல 16வது பின்னையும் பக்கத்து கிரவுண்டையும் பேப்பர் கிளிப்பால இணைச்சுப் பார்த்தேன். இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், இப்ப வர்ற நிறைய எஸ்எம்பிஎஸ்ல லோடு கம்மியா இருந்தா ஃபேன் சுத்தாது, அப்படித் தான் டிசைன் பண்ணியிருக்காங்க, அதனால ஃபேன் சுத்தலன்னு மட்டும் பார்த்துட்டு செத்துடுச்சுன்னு முடிவு பண்ணிடக் கூடாது. நான் மல்டிமீட்டர் வெச்சு 12 வோல்ட் லைனைப் பார்த்தேன், 11.4ல இருந்து 12.6க்குள்ள இருக்கணும், எனக்கு வந்தது பூஜ்ஜியம். ஸ்டேண்ட்பை 5 வோல்ட்டும் இல்ல.

பழைய சிஸ்டத்தோட எஸ்எம்பிஎஸ்ஸ அதோட சொந்த கேபிளோட மாட்டுனேன், உடனே போர்டு லைட் எரிஞ்சுது. சொந்த கேபிள்னு அழுத்திச் சொல்றேன், கேபிளத் தனியா கழட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்ல யூனிட் பக்கம் இருக்குற சாக்கெட்டுக்கு எல்லாருக்கும் பொதுவான ஸ்டாண்டர்ட் எதுவும் கிடையாது, ஒரு கம்பெனி கேபிள் இன்னொரு கம்பெனி யூனிட்ல அழகா உள்ள போகும், ஆனா 5 வோல்ட் வர வேண்டிய இடத்துல 12 வோல்ட் வந்து ஹார்டு டிஸ்க்கு மொத்தமா போயிடலாம்.

மீட்டர் ரீடிங்க வீடியோ எடுத்து கடைக்கு அனுப்புனேன். அரை மணி நேரத்துல பதில், மறுநாள் பிக்கப், அஞ்சாவது நாள் புது பீஸ் கையில. ஒரு கேள்வி கேக்கல. அன்னிக்கு இந்தக் கடை பத்தி ரெண்டு பேருகிட்ட நானே ரெகமெண்ட் பண்ணேன்.

புது எஸ்எம்பிஎஸ் போட்டு ஆன் பண்ணப்போ ஃபேன் எல்லாம் சுத்துது, டிஸ்ப்ளே வரல, போர்டுல டிரேம்னு எழுதியிருக்குற இடத்துல ஆரஞ்சு லைட் எரிஞ்சுட்டே இருக்கு. அடிவயிறு கலங்கிடுச்சு. ஆனா இது கம்ப்ளெயின்ட் இல்ல, ஏஎம்5 போர்டு முதல் தடவ ஆன் ஆகும்போது ரேமோட டைமிங்க ஒவ்வொண்ணா ட்ரை பண்ணி செட் பண்ணும், மெமரி ட்ரெய்னிங்னு சொல்லுவாங்க, பல நிமிஷம் கூட ஆகும். அந்த நேரத்துல பயந்துபோய் ஆஃப் பண்ணா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். கையக் கட்டிட்டு உட்கார்ந்தேன், ஏழு நிமிஷம் கழிச்சு போர்டோட செட்டிங்ஸ் ஸ்கிரீனான பயாஸ் வந்துச்சு.

மூணு வாரம் ஜம்முனு ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ஒரு ஜிப் ஃபைல் பிரிக்கும்போது சிஆர்சி எரர், அதாவது ஃபைல் கெட்டிருக்குன்னு, திரும்ப டவுன்லோட் பண்ணா சரியா வருது. அடுத்த நாள் எக்ஸ்போர்ட் பாதியில ப்ளூ ஸ்கிரீன், மெமரி மேனேஜ்மென்ட்னு ஒரு தடவ, பேஜ் ஃபால்ட்னு ஒரு தடவ. ஒரு போட்டோவத் திறந்தா மேல பாதி நல்லா இருக்கு, அதுக்குக் கீழ கலர் மாறி ஒரு பட்டை, மிச்சம் எல்லாம் சாம்பல். அதப் பார்த்ததும் எஸ்எஸ்டி தான் போச்சுன்னு முடிவு பண்ணி ரெண்டு நாள் வீணாக்கினேன், கிராபிக்ஸ் டிரைவர எடுத்துட்டு திரும்ப போட்டேன், விண்டோஸையே புதுசா போட்டேன், கார்டையே கழட்டிட்டு ப்ராசஸரோட சொந்த டிஸ்ப்ளேல ஓட்டுனேன், எஸ்எஸ்டி தன் நிலைமையத் தானே சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல ஒரு எரரும் இல்ல.

ரேம்ல முதல்லயே சந்தேகம் வந்திருக்கணும். டிஸ்க்குக்குப் போற எந்த ஃபைலும் ரேம் வழியா தான் போகுது, அங்க ஒரு பிட் மாறிட்டா எஸ்எஸ்டி அந்தத் தப்பான ஃபைல அப்படியே ரொம்ப பத்திரமா எழுதி வெச்சுக்கும், பேக்கப் எடுத்தா பேக்கப்லயும் அதே தப்பு தான். டிடிஆர்5லயே தப்ப தானே திருத்துற இசிசி இருக்கே, அப்புறம் எப்படி எரர் வரும்னு ஒருத்தர் கேட்டார். அது சிப்புக்கு உள்ள மட்டும் சின்னச் சின்ன தப்ப திருத்திக்கிறதுக்கு, சிப்புல இருந்து ப்ராசஸர் வரைக்கும் வர்ற வழியில நடக்குறத அது பார்க்காது, சர்வர்ல போடுற இசிசி ரேம் வேற.

ரேம டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட்86+ அ யூஎஸ்பில போட்டு பூட் பண்ணி விட்டேன். ஒரு பாஸ், அதாவது ஒரு முழு சுத்து டெஸ்ட், முடியவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முதல் நாப்பது நிமிஷம் ஒண்ணும் இல்ல, எழுந்து போயிடலாம்னு பார்த்தப்போ ஸ்கிரீன் அடியில சிவப்பு வரி ஒண்ணு, அப்புறம் நாலு, அப்புறம் மேல மேல போயிட்டே இருக்கு. ஒவ்வொரு வரியிலயும் இருக்க வேண்டிய மதிப்பு, கிடைச்ச மதிப்புன்னு ரெண்டையும் காட்டும், ரெண்டையும் பேப்பர்ல எழுதிப் பார்த்தா ஒரே ஒரு பிட் தான் வித்தியாசம், எல்லா வரியிலயும் அதே பிட். அட்ரஸும் எல்லாம் பக்கத்துப் பக்கத்துல. அதப் பார்த்ததும் அப்பாடான்னு இருந்துச்சு, பத்து நாளா ஆவி மாதிரி ஏமாத்திட்டு இருந்தது கடைசியில கண்ணு முன்னாடி வந்து நின்ன மாதிரி.

ரேம 6000 வேகத்துல ஓட வைக்கிற எக்ஸ்போ செட்டிங்க ஆஃப் பண்ணி, சாதாரண வேகமான 4800ல ஓட்டுனேன், எரர் கம்மியாச்சு, போகல. அப்புறம் ரேம்ம ஒவ்வொண்ணா போட்டு டெஸ்ட் பண்ணேன். முதல் ரேம் ஏ2 ஸ்லாட்ல க்ளீன், பி2லயும் க்ளீன். ரெண்டாவது ரேம் ஏ2லயும் எரர், பி2லயும் எரர். இந்த நாலு டெஸ்ட்டும் சேர்ந்தா தான் முடிவு சொல்ல முடியும், ஒரே ஸ்லாட்ல மட்டும் பார்த்திருந்தா போர்டா, ப்ராசஸர்ல இருக்குற மெமரி கன்ட்ரோலரா, ரேமான்னு யாராலயும் சொல்ல முடியாது. டிடிஆர்5 ரேம்லயே டெம்பரேச்சர் சென்சார் இருக்கு, விண்டோஸ்ல பார்த்தா சும்மா இருக்கும்போது 38 டிகிரி, எக்ஸ்போர்ட் ஓடி 50 தாண்டினப்புறம் தான் சிஸ்டம் விழுது. ரேம் சூடானா தான் தப்பு பண்ணுது.

இது எல்லாத்தையும் தேதியோட எழுதி, போட்டோ வெச்சு, வீடியோ வெச்சு கடைக்கு அனுப்புனேன். மூணு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: "மேடம், எக்ஸ்போ போட்டா அது ஓவர்கிளாக், அதுக்கு வாரன்டி வராது." ஓவர்கிளாக்னா சாதாரண வேகத்துக்கு மேல ஓட்டுறது. பெட்டி மேலயே பெருசா 6000னு போட்டு தானே விக்கிறீங்க, அதுவும் நான் அனுப்புன வீடியோல 4800லயே எரர் வருதேன்னு எழுதுனேன். சரி அனுப்பி வைங்கன்னாங்க. போய் சேர்ந்து பன்னெண்டு நாள் கழிச்சு அதே ரேம் எனக்கே திரும்பி வந்துச்சு, கூட ஒரு துண்டுச் சீட்டு, டெஸ்ட் பண்ணோம், ப்ராப்ளம் இல்லைன்னு. போன் பண்ணிக் கேட்டேன், எப்படி டெஸ்ட் பண்ணீங்கன்னு. விண்டோஸ்ல இருக்குற மெமரி டயக்னாஸ்டிக்க ஒரு தடவ ஓட்டினோம் மேடம், பாஸ் ஆயிடுச்சு, உங்க போர்டு தான் சரியில்லாம இருக்கும்னாரு.

எனக்குக் கோவம் வந்தது இங்க தான். நாப்பது நிமிஷத்துக்கு அப்புறம், சூடானப்புறம் தான் எரர் வரும்னு நான் அவ்வளவு தெளிவா எழுதியிருந்தேன், அத ஒருத்தரும் படிக்கல. ஓப்பன் பெஞ்சுல காத்தோட்டமா வெச்சு கொஞ்ச நேரம் ஓட்டுனா அந்த ரேம் என் வீட்லயும் பாஸ் ஆகும். செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸ யார் வேணா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடலாம், அதான் அஞ்சு நாள்ல மாத்திக் குடுத்தாங்க. எப்பவாவது தப்பு பண்ற பார்ட்ட கண்டுபிடிக்க உட்கார்ந்து பார்க்கணும், அதுக்கு அந்தக் கடையில ஆளும் இல்ல, நேரமும் இல்ல, அத ஒத்துக்காம என் போர்டு மேல பழியப் போட்டாங்க. போன்ல பேசுனவர் மரியாதையா தான் பேசுனார், அவரக் குறை சொல்லல, அவருக்குக் குடுத்திருக்குற செக்லிஸ்ட்ல அதுக்கு மேல ஒண்ணும் இல்ல போல.

கடைய விட்டுட்டு ரேம் கம்பெனிக்கே நேரா ஆர்எம்ஏ, அதாவது வாரன்டில திருப்பி அனுப்புற ரிக்வெஸ்ட், போட்டேன், இத முதல் நாளே பண்ணியிருக்கணும். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் போட்டோ, பில், மெம்டெஸ்ட் ஸ்கிரீன் போட்டோ, அவ்வளவு தான் கேட்டாங்க. கிட்டா வாங்குனா ரெண்டு ரேமையும் சேர்த்து தான் அனுப்பணும்னாங்க, அது நியாயம் தான், ஜோடியா டெஸ்ட் பண்ணி தான் கிட்டா போடுறாங்க, ஒண்ண மட்டும் மாத்துனா உள்ள இருக்குற சிப் வேற மாதிரி வந்து 6000ல ஒத்துப்போகாம போகலாம். ரெண்டையும் அனுப்பிட்டா சிஸ்டம் சும்மா கிடக்கும், அதுக்கு யார்கிட்டயும் வழி இல்ல, தம்பியோட லேப்டாப்ப இரவல் வாங்கி மூணு வாரம் வேலைய ஓட்டுனேன். அனுப்புற செலவும் என் கைக்காசு. ஆனா வந்தது புது கிட், ஒரு வார்த்தை வாதாடல. அவங்களுக்கு நாலு ஸ்டார், அந்த ஒண்ணு மூணு வாரத்துக்காகக் குறைச்சது.

இந்தக் கடையில இனிமே வாங்குவேனான்னு கேட்டா, கேபினெட், ஃபேன், எஸ்எம்பிஎஸ் தாராளமா வாங்குவேன். ரேம், போர்டு, ப்ராசஸர் வாங்குறதா இருந்தா அந்தக் கம்பெனி நேரா நம்மகிட்ட இருந்து ஆர்எம்ஏ எடுக்குதா, இல்ல கடை மூலமா தான் வரணும்னு சொல்லுதான்னு முதல்ல கேட்டுட்டு தான் வாங்குவேன். கடை மூலமா தான்னு சொன்னா வேற கம்பெனி.

புது கிட் போட்ட அன்னிக்கு ராத்திரி எக்ஸ்போ 6000லயே மெம்டெஸ்ட் போட்டுட்டுத் தூங்கப் போனேன், காலையில நாலு பாஸ், எரர் 0. அதுக்கப்புறம் ஒரு ப்ளூ ஸ்கிரீன் கூட வரல. அந்தக் கெட்ட ரேம் இருந்த நாள்ல காப்பி பண்ண ஃபைல் எல்லாத்தையும் கேமரா கார்டுல இன்னும் அழிக்காம வெச்சிருந்த ஒரிஜினலோட ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்) போட்டு ஒப்பிட்டுட்டு இருக்கேன், இதுவரைக்கும் பதினேழு போட்டோ, ரெண்டு வீடியோ கெட்டுப்போனது தெரிஞ்சு கார்டுல இருந்து மறுபடி எடுத்துட்டேன், கார்ட அழிச்சுட்ட ஒரு ஷூட்டுல மூணு போட்டோ திரும்பக் கிடைக்கல. இன்னும் ரெண்டு போல்டர் பாக்கி இருக்கு.