2012 மாடல் டெஸ்க்டாப்பை இன்றும் ஓட்டுவது எப்படி இருக்கிறது

பழைய கணினி மெதுவாகிவிட்டது, புதிதாக வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலாமல் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டியா? ஹார்ட் டிஸ்க் என்று பதில் வந்தால், முதலில் அதை மாற்றிப் பாருங்கள் என்பேன். மற்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்னுடையது 2012-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ5-3470 பிராசசர், எச்61 சிப்செட் மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இன்றைக்கும் அதே கேபினெட், அதே போர்டு, அதே பிராசசர். மற்றவை ஒவ்வொன்றாக மாறிவிட்டன. இணையம், கடிதம், கணக்குவழக்கு, புகைப்படங்களை ஒழுங்குபடுத்துவது, படம் பார்ப்பது என்று வீட்டு வேலைகள்தான் அதில் நடக்கின்றன. கேம் ஆடுபவர்களுக்கும் வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் என் அனுபவம் அவ்வளவாகப் பொருந்தாது.

விண்டோஸ் 7 இருந்தவரை ஹார்ட் டிஸ்க் ஒரு தொல்லையாகத் தெரியவில்லை. விண்டோஸ் 10-க்கு மாறியதும்தான் சிக்கல் ஆரம்பித்தது. கணினியைப் போட்டால் திரை வந்துவிடும், ஆனால் எதையும் திறக்க முடியாது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பிராசசர் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். அப்டேட் தேடுதல், வைரஸ் சோதனை, கோப்புகளை அட்டவணைப்படுத்துதல் என்று பின்னணியில் பல வேலைகள் ஒரே சமயத்தில் டிஸ்க்கைப் பிடித்து இழுக்கும். பலர் இதை வைரஸ் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு ஆன்டிவைரஸையும் போட்டு வைப்பார்கள். அது இன்னும் மோசம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிவினாடி ஆகிறது. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். தலை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லிவினாடி. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு எண்பது துண்டு படிப்பதே பெரிய விஷயம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் செய்கிறது. பூட் ஆவதும் புரோகிராம் திறப்பதும் பெரும்பாலும் இந்தச் சிதறல் படிப்புதான். பிராசசரை மாற்றி இந்த வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது.

டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் வழிதான் சாட்டா. எச்61 சிப்செட்டில் இருப்பது சாட்டா 2 மட்டுமே, அதாவது வினாடிக்கு 3 ஜிகாபிட். இப்போதைய எஸ்எஸ்டிகளின் அட்டையில் போட்டிருக்கும் வினாடிக்கு 550 எம்பி வேகத்தில் பாதிதான் அதில் கிடைக்கும். அதனால் எஸ்எஸ்டி வாங்குவது வீண் என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது அந்தக் குறை தெரியும், உண்மைதான். அன்றாட வேலையில் கொஞ்சமும் தெரியவில்லை. சிறு துண்டுகளைப் படிக்கும்போது அந்த உச்ச வரம்பை எஸ்எஸ்டி தொடுவதே இல்லை. போர்டு பழசு என்பதற்காக இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எஸ்எஸ்டி போடும்போது கவனிக்க வேண்டிய இரண்டு. பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா மோடு, அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, ஐடிஇ என்று இருந்தால், நிறுவுவதற்கு முன்பே ஏஎச்சிஐ என்று மாற்றிவிடுங்கள். நிறுவிய பிறகு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். அப்புறம், பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்வதைவிடப் புதிதாக நிறுவுவதே நல்லது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷன்கள், அதாவது டிஸ்க்கின் பிரிவுகள், 63-ஆவது செக்டாரில் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டு) தொடங்கும். அந்த அமைப்பு எஸ்எஸ்டிக்குப் பொருந்தாது, வேகமும் குறையும், தேய்மானமும் கூடும். விண்டோஸ் விஸ்டா முதல் 2048-ஆவது செக்டாரில் தொடங்குவதால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் பல ஆண்டுக் குப்பையைப் புது வீட்டுக்கு ஏன் சுமந்துகொண்டு போக வேண்டும்?

கழற்றிய ஹார்ட் டிஸ்க் இப்போது புகைப்படங்களுக்கான இரண்டாம் டிஸ்க். அதன் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளை, அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன். நீளமான அந்தப் பட்டியலில் என் கண் போவது இரண்டு எண்களுக்குத்தான்: 5-ஆம் எண், அதாவது கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள்; 197-ஆம் எண், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டார்கள். இரண்டும் பூஜ்யத்தில் இருக்கும்வரை பரவாயில்லை. ஏற ஆரம்பித்தால் முக்கியமானதை எல்லாம் அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

ரேம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 4 ஜிபியை 8 ஆக்கினேன். எச்61 போர்டில் இரண்டே ஸ்லாட், 16 ஜிபி வரை ஏற்கும். எட்டே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஒவ்வொன்றுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு, மாற்றிப் போட்டால் உட்காராது. பயன்படுத்திய ரேம் வாங்கினால் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலைப் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது வேண்டாம். இன்னொன்று, விண்டோஸ் 32-பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. அந்த நாலிலும் மூன்றேகால் போலத்தான் கைக்குக் கிடைக்கும்.

காசு அதிகம் ஆகாத வேலை சுத்தம் செய்வதுதான், ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. என் கணினி கோடையில் திடீரென்று இழுக்க ஆரம்பித்தது. வெப்பத்தைப் பார்த்தால் ஒரு வீடியோ ஓடும்போதே தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. நூறை நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதுதான் அந்த இழுவை. பிராசசர் மேலிருக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. கீழே இருந்த, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிது வைத்து மூடினேன். இன்டெல் கொடுக்கும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். நான்கும் போர்டின் பின்புறம் வரை இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், ஒன்று இறங்காவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள். மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மறக்க வேண்டாம். அது தீர்ந்துபோனால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும், பயாஸ் அமைப்புகளும் அழிந்துவிடும். தேதி தப்பானால் இணையத்தில் எந்தத் தளத்துக்குப் போனாலும் சான்றிதழ் செல்லாது, பாதுகாப்பற்றது என்று பிரவுசர் பயமுறுத்தும். பிணைய இணைப்பையும் ரௌட்டரையும் சந்தேகப்பட்டு ஒரு நாளையே வீணடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரையின் மூலையில் இருக்கும் தேதியை ஒரு தடவை பார்த்தால் போதும்.

இனி இயங்குதளம். என் கருத்தில் பழைய கணினியை ஓய்வுபெற வைப்பது இதுதான், வன்பொருள் இல்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. இலவசமாக விண்டோஸ் 10-க்கு மாறும் சலுகை 2016 ஜூலையிலேயே முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டாலும், அதன் பிறகும் நெடுநாள் பழைய விண்டோஸ் 7 சாவியை அது ஏற்றுக்கொண்டது. நானும் அப்படித்தான் மாறினேன். எஸ்எஸ்டி வந்த பிறகு விண்டோஸ் 10 மீது எனக்குக் குறையே இல்லை. ஆனால் 2021-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதல்தான் என்கிறது. என்னுடையது 3-ஆம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு அறிவித்தார்கள். நான் அதில் சேரவில்லை.

இந்த நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவ வழி உண்டு. ரூஃபஸ் என்ற நிரல் மூலம் பென் டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம் சோதனையை எடுத்துவிடலாம். என் ஐ5-இல் அது ஓடவும் செய்யும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு தடவையும் கையால் நிறுவ வேண்டியிருக்கும். எந்த நாளும் மைக்ரோசாஃப்ட் கதவை முழுசாகச் சாத்திவிடலாம். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இல்லாத பிராசசர்களில் பூட் ஆவதே இல்லை. கோர் 2 டுவோ போன்ற பழைய பிராசசர் வைத்திருந்தவர்களுக்கு அத்தோடு கதை முடிந்தது. வீட்டில் எல்லோரும் நம்பியிருக்கும் கணினியில் இந்த நிச்சயமின்மை எனக்கு வேண்டாம்.

ஆகவே லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதன் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. முதலில் விண்டோஸோடு சேர்த்து இரட்டை பூட்டாக வைத்திருந்தேன். அப்படி வைப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும், அதன் பார்ட்டிஷனில் லினக்ஸால் எழுத முடியாது. இரண்டுக்கும் கடிகாரத்தை வாசிக்கும் விதம் வேறு என்பதால் நேரமும் மாறி மாறிக் குழம்பும். போகப் போக விண்டோஸ் பக்கம் போவதே நின்றுவிட்டது, அப்புறம் எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது மின்ட் 22. 2029 வரை அப்டேட் உண்டு.

எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். பிரின்டர் தானாகவே வேலை செய்தது. பழைய ஸ்கேனருக்கு லினக்ஸில் டிரைவரே இல்லை, அதை ஓரங்கட்டிவிட்டேன். வேர்டில் செய்த எளிய கடிதங்கள் லிப்ரே ஆபிஸில் சரியாகத் திறக்கின்றன. அட்டவணையும் படமும் கலந்தவை கொஞ்சம் நகர்ந்து கொடுக்கின்றன. தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்ற நிரலை நிறுவினால் தமிழ்99 கிடைக்கிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்பா பல வருஷங்களுக்கு முன்பு அடித்து வைத்த கோப்புகள் யுனிகோடு இல்லை. சில பாமினி, சில டிஸ்கி என்ற பழைய குறியாக்கங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான். அவை அடிக்கப்பட்ட பழைய கணினியைக் கைகழுவுமுன் அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையை நகலெடுத்து வைத்தது பெரிய உதவியாகிவிட்டது. அந்த எழுத்துருக்களை லினக்ஸில் போட்டதும் கடிதங்கள் வாசிக்க வந்தன. இப்போது மெதுவாக அவற்றை யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

எஸ்எஸ்டி, ரேம், லினக்ஸ் எல்லாம் வந்த பிறகும் தொல்லை கொடுப்பது வீடியோ. என் பிராசசரின் எச்டி 2500 கிராஃபிக்ஸ், எச்.264 என்ற வடிவில் சுருக்கிய வீடியோவை வன்பொருளிலேயே பிரித்துவிடும். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் அனுப்புகிறது. இவற்றைப் பிரிக்க இந்தச் சில்லில் எதுவும் இல்லை, எல்லாச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. 1080பி வீடியோ ஒன்றைப் பார்த்தால் விசிறி அலறும். எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சி ஒன்றைப் போட்டதும் அமைதியானது. எச்.264-இல் அதிகபட்சம் 1080பி வரைதான் வரும், 4கே கிடைக்காது. என் மானிட்டருக்கு அது தேவையும் இல்லை.

கூடவே ஒரு கோர் 2 டுவோ லேப்டாப்பும் வீட்டில் இருக்கிறது. டிடிஆர்2, 4 ஜிபி, எஸ்எஸ்டி போட்டாகிவிட்டது. பேட்டரி செத்துப்போய் வயரிலேயே உயிர் வாழ்கிறது. எழுத, பாட்டு கேட்க, பழைய சிடிக்களைப் படிக்கப் பரவாயில்லை. நாலைந்து டேப் திறந்தாலே திணறுகிறது. இதற்கு மேல் அதில் காசு போடமாட்டேன். 64-பிட் என்பதால் இன்னும் புது லினக்ஸ் ஏறுகிறது. 32-பிட் மட்டுமே ஓடும் கணினி வைத்திருப்பவர்களுக்கு வழி குறுகிவிட்டது. டெபியனே 2025-இல் வந்த 13-ஆம் பதிப்போடு 32-பிட் நிறுவலை நிறுத்திவிட்டது.

டெஸ்க்டாப்பில் அடுத்து எதை மாற்றுவேன் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை. அது 2012 முதல் இருப்பது, கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும், புதியதை எடுத்து அடுத்த கணினியிலும் மாட்டலாம். ஐ5-ஐ எடுத்துவிட்டு ஐ7-3770 போடலாமே என்று கேட்கிறார்கள். என் வேலைக்கு அது கூடுதலாக ஒன்றும் தராது. மதர்போர்டு போனால் இன்னொரு பழைய 1155 சாக்கெட் போர்டைத் தேடி அலையமாட்டேன், அதோடு சரி. அப்போது எஸ்எஸ்டியைப் புதுக் கணினிக்குக் கொண்டுபோக வசதியாகத்தான் லினக்ஸை யுஇஎஃப்ஐ முறையில் (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய பூட் முறை) நிறுவினேன். பழைய பயாஸ் பூட் முறை புதுக் கணினிகள் பலவற்றில் இல்லை. இப்படி இருந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி அங்கே மாட்டினாலே பெரும்பாலும் பூட் ஆகிவிடும், டிரைவர்களை லினக்ஸே பார்த்துக்கொள்ளும்.