சாவி பத்திரம், கையெழுத்து ஊர்ச்சொத்து: ஃபோர்க்குகளோடு என் அனுபவம்

2016 ஜூலை 20, 19,20,000ஆவது பிளாக்கில் எத்தேரியம் என்ற கிரிப்டோ காசின் செயின், அதாவது பிளாக் பிளாக்காக வளரும் கணக்குப் பேரேடு, ரெண்டாகப் பிரிந்தபோது (இப்படிப் பிரிவதுதான் ஃபோர்க், அதுவரை உள்ள கணக்கு ரெண்டு பக்கமும் அப்படியே இருக்கும்) என் வாலெட்டில் அந்தச் செயினின் காசான ஈதர் 12 இருந்தது. கிளாசிக் என்று தனியே போன பழைய செயினிலும் அதே முகவரியில் அதே 12 இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து, கொழிஞ்சாம்பாறையில் கடையில் உட்கார்ந்தபடியே ஈதரை ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) அனுப்பினேன், கூடவே கிளாசிக்கும் கிளம்பிப் போய்விட்டது. எக்ஸ்சேஞ்சுக்காரர்கள் அப்போது கிளாசிக்கை எடுத்துக்கொள்ளவில்லை. எழுதி எழுதிக் கேட்டேன், திரும்பி வரவில்லை.

இதுதான் ரீப்ளே, ஒரு செயினில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பரிவர்த்தனை அடுத்த செயினிலும் ஓடிவிடுவது. வாளையாருக்கு இந்தப் பக்கம் கொடுத்த செக்கை ஒருத்தன் ஜெராக்ஸ் எடுத்து அந்தப் பக்கம் இன்னொரு பேங்கில் நீட்டினாலும் காசு கொடுத்துவிடுகிற மாதிரி. ஹார்டுவேர் வாலெட் (சாவியைப் பூட்டி வைக்கும் சின்னக் கருவி) இருந்தால் போதும் என்பவர்களுக்குச் சொல்கிறேன், அது கையெழுத்துப் போட வேண்டிய ரகசியச் சாவியைத்தான் காக்கும், போட்ட கையெழுத்து வெளியே போய்விட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்து அடுத்த செயினில் போடலாம். எந்தச் செயினுக்கு என்பதைக் கையெழுத்துக்குள்ளேயே சேர்க்கும் இஐபி 155 என்ற விதிமாற்றம் எத்தேரியத்தில் அந்த நவம்பரில்தான் வந்தது, கிளாசிக்கில் அடுத்த ஜனவரியில். ஈதருக்குச் செயின் எண் 1, கிளாசிக்குக்கு 61.

2017 ஆகஸ்டில் பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் பிரிந்தபோது கையெழுத்து முறையையே மாற்றியிருந்தார்கள், அதனால் ரீப்ளே தொல்லை இல்லை. தொல்லை பொள்ளாச்சி மச்சானால் வந்தது. "சும்மா காசு வருதாமா மாப்ள, அந்த 24 வார்த்தையப் போட்டாப் போதுமாமா" என்று ஏதோ ஒரு புது வாலெட்டில் தன் சீடு வார்த்தைகளை (சாவியை மீட்டெடுக்கும் ரகசிய வார்த்தைகள்) தட்டப் போனார். முதலில் பிட்காயினைப் புதுச் சீடுக்கு மாற்ற வைத்து, அது உறுதியான பிறகுதான் பழைய சீடை அங்கே போட விட்டேன்.

நிஜமான தலைவலி 2018 நவம்பர் 15. பிட்காயின் கேஷே ரெண்டாகி பிட்காயின் எஸ்வி என்ற இன்னொரு காசு வந்தபோது ரீப்ளேக்கு ஒழுங்கான தடுப்பே வைக்கவில்லை. ரெண்டு வாரம் எதையும் தொடாமல் இருந்தேன். அப்புறம் பிரிந்த பிறகு கேஷ் செயினில் மட்டுமே பிறந்த காசில் துளியூண்டு வாங்கி, என் பழைய கேஷோடு ஒரே பரிவர்த்தனையில் கலந்து, என்னுடைய புது முகவரிக்கே அனுப்பினேன். அந்தத் துளி எஸ்வி செயினில் கிடையாது, ஆகவே அங்கே அந்தப் பரிவர்த்தனை செல்லாது. கேஷ் நகர்ந்ததை உறுதி செய்துகொண்டு எஸ்வியை வேறொரு முகவரிக்கு மாற்றினேன். ஒரு ராத்திரி வேலை, கட்டணம் என்று பார்த்தால் டீக்காசுகூட ஆகவில்லை.

2022 செப்டம்பரில் எத்தேரியம் மைனிங்கைக் கைவிட்ட மெர்ஜ் என்ற மாற்றம் முடிந்து, மைனிங்கையே தொடர்ந்த ஈதர் பிஓடபிள்யூ என்ற செயின் பிரிந்தது. அதற்குத் தனி எண் 10001 இருந்ததால் அலட்டிக்கொள்ளாமல் இருந்தேன். ஆனால் நாலு நாளுக்குள் செயின் எண்ணைச் சரியாகப் பார்க்காத ஒரு பிரிட்ஜ் கான்ட்ராக்டில் (செயின்களுக்கிடையே காசை மாற்றித் தரும் தானியங்கி நிரல்), இந்தப் பக்கம் 200 ஈதருக்குப் போன செய்தியை அந்தப் பக்கம் மறுபடி போட்டு 200 எடுத்துவிட்டார்கள். செயினில் பூட்டு இருந்தும் கான்ட்ராக்டில் கதவு திறந்து கிடந்திருக்கிறது. அதிலிருந்து ஃபோர்க் தேதி தெரிந்தால் பிரிட்ஜில் கிடப்பதை முந்தின வாரமே எடுத்துவிடுகிறேன். மச்சானுக்கும் சொன்னேன், "அடுத்த வாரம் பாக்கலாம் மாப்ள" என்கிறார்.